புகைமூட்ட இருமல் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஆயர் ஈத்தாமிலிருந்து:

2019 செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து வந்த புகை பினாங்கின் கொடிமலையை அடியோடு மறைத்திருந்த வாரத்தில், எங்கள் வீட்டில் இருமாதவர் எவரும் இல்லை. ஆகவே 68 வயதான, நீரிழிவு உள்ள என் அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை மாலை இருமத் தொடங்கியபோது, அதையும் புகையின் கணக்கிலேயே எழுதிவிட்டோம். அன்றிரவு சன்னல்களையெல்லாம் அடைத்து வைத்திருந்த புழுக்கத்தில் அம்மா இரண்டு போர்வை கேட்டார். அவர் நடுங்கிய நடுக்கத்தில் இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி சுவரில் மோதி இடைவிடாமல் சத்தமிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. புகை கண்ணை எரிக்கும், தொண்டையை அறுக்கும், ஆஸ்துமா உள்ளவரைத் திணற வைக்கும். ஆனால் 39 பாகை காய்ச்சலைக் கொண்டுவராது.

ஓமவல்லிச் சாறும் ஆவி பிடித்தலுமாக இரண்டு நாள்கள் போயின. (அவை தொண்டைக்கு இதமானவை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை, போன நாள்களைத்தான் திரும்பப் பெற முடியவில்லை.) வெள்ளிக்கிழமை காலை கிளினிக்குக்குப் போனபோது, மருத்துவர் இருமலைப் பற்றி அதிகம் விசாரிக்காமல், எப்போது தொடங்கியது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா தயங்காமல், "நாலு மணிக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன் டாக்டர், அது கொதிப்பதற்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் ஆகிவிட்டது" என்றார். சாதாரணச் சளி முதல் நாள் தொண்டைக் கரகரப்பாகவும் மறுநாள் மூக்கொழுகலாகவும் மெல்ல வரும் என்றும், இன்ஃபுளுவென்ஸா, அதாவது ஃபுளூ, வந்தவர்தான் பெரும்பாலும் மணியைச் சொல்லுவார் என்றும் அவர் விளக்கினார். வைரஸ் எதிர்ப்பு மருந்தை 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்குமாம். நாங்கள் அந்த நேரத்தைத் தாண்டியிருந்தாலும், நீரிழிவை எண்ணி அவர் அதைக் கொடுத்தார். அம்மா தேறிவர மூன்று வாரங்களாயின.

அதன் பிறகு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதாலும், நம் மலேசியாவில் அது ஆண்டு முழுவதும் உலவுவதாலும், ஒருமுறை போட்டது போதும் என்று இருக்க முடியாது. ஊசி போட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்தே பாதுகாப்பு கிடைக்கிறது. முகக்கவசத்திலும் எங்களுக்கு ஒரு தெளிவு வந்தது. இருமுபவர் அணிந்தால் மற்றவரைக் காக்கும் சாதாரணக் கவசம், புகையின் நுண்துகள்களைத் தடுக்காது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாள்களில் வெளியே போக வேண்டியிருந்தால் நுண்துகள்களை வடிகட்டும் என்95 கவசம் தேவைப்படுகிறது.

செந்தூலிலிருந்து:

எங்களுக்கு நேர்ந்தது வேறுவிதமான ஏமாற்றம். என் தம்பிக்குத் திடீரென்று கடுங்காய்ச்சலும் உடல்வலியும் கண்டன. நீங்கள் சொல்வதுபோல் மணியைச் சொல்லுமளவுக்குத் திடீரென்றுதான். அலுவலகத்தில் பலருக்கு ஃபுளூ இருந்ததால் இவனுக்கும் அதுதான் என்று முடிவு கட்டி, வீட்டிலிருந்த ஐபுபுரூஃபன் வலி மாத்திரையைக் கொடுத்தோம். அவனுக்கு இருமலோ மூக்கொழுகலோ இல்லை என்பதை அண்ணிதான் மூன்றாம் நாள் கவனித்துச் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் டிங்கி என்று தெரிந்தது. டிங்கியில் அந்த மாத்திரை இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும், பாரசிட்டமால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்டபோது என் கை நடுங்கியது.

பட்டர்வொர்த்திலிருந்து:

பாலர் பள்ளிக்குப் போகும் என் மூத்தவன் வெறும் மூக்கொழுகலோடு வந்தான். நான்கு நாள்களில் ஐந்து மாதக் குழந்தை மருத்துவமனையில் இருந்தது. இருவருக்கும் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற ஒரே வைரஸ்தான். சின்னவனுக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லாததால் நான் அசட்டையாக இருந்தேன். என் மாமியார்தான் சட்டையைக் கழற்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழிவதைக் காட்டினார். பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கியதையும் அவரே முதலில் கண்டார். இப்போதெல்லாம் மூத்தவன் கை கழுவி, உடை மாற்றிய பிறகே தம்பியைத் தொடுகிறான். சளி பிடித்திருந்தால் முத்தத்துக்கு அனுமதி இல்லை.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

செந்தூல் நண்பருக்கு நன்றி. குளிர்சாதனப் பெட்டியின்மேல் காய்ச்சல் தொடங்கிய மணியையும் வெப்ப அளவையும் குறிக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அதில் "இருமல், சளி உண்டா?" என்று இன்னொரு பத்தியும் இன்று போட்டுவிட்டேன்.