ஆட்டோமேட்டிக் கார்: டி போட்டால் தாமதம், 70-இல் நடுக்கம். கியர்பாக்ஸை இறக்கணுமா?

கோவை_செடான்:
6 கியர் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வண்டி, 1,10,000 கி.மீ. ஓடியது, நான் இரண்டாவது ஓனர். காலையில் டி (டிரைவ்) போட்டால் இரண்டு நொடி சும்மா நின்றுவிட்டு அப்புறம் டொக்கென்று தள்ளிக்கொண்டு கிளம்புகிறது. வால்பாறை போய்வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: 70-80-இல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது சீட்டும் ஸ்டியரிங்கும் கடகடவென்று நடுங்கி, சில நொடியில் அடங்கிவிடும். மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கணும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். நம்பலாமா?

கிளட்ச்_இல்லாதவன்:
ஓட்டிப் பார்க்காதவர் சொன்னதற்கா ஒன்றரை லட்சம்? முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். உங்கள் வண்டியில் அதன் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக், இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் லிஃப்டில் நேராக ஏற்றி, இன்ஜின் ஓடும்போதே, ஆயில் சூட்டை ஸ்கேனரில் (கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பார்த்துக்கொண்டு, மேனுவலில் போட்டிருக்கும் டிகிரி வந்ததும் ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூட்டில் ஆயில் விரியும், அதனால் வேறு டிகிரியில் பார்த்த அளவுக்கு அர்த்தமில்லை. இரண்டு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது, அதற்குமேல் வண்டியை எடுக்கவே கூடாது.

மெக்கானிக்_மாமா:
தம்பி, நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பின்னால் வண்டி வராத ரோடாகப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் சுவிட்ச் பட்டதும் கன்வர்ட்டரின் லாக்-அப் (சீராகப் போகும்போது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச்) விட்டுவிடும், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் லாக்-அப் கிளட்ச்தான் வழுக்குகிறது. மீட்டரில் விளக்கு இல்லாவிட்டாலும் ஸ்கேனர் போடுங்கள், லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பி0741 கோடு உள்ளே பதுங்கியிருக்கலாம்.

கிளட்ச்_இல்லாதவன்:
மாமா சொன்னதோடு ஒன்று. லாக்-அப் விட்டதும் இன்ஜின் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) தரும் நடுக்கத்தையும் கன்வர்ட்டர் விழுங்கிவிடும், ஆகவே நடுக்கம் நின்றதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் பாருங்கள், ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றியது?

கோவை_செடான்:
பிளக் புதுசு, மிஸ்ஃபயர் பூஜ்யம். பிரேக்கைத் தொட்டதும் நடுக்கம் நின்றது. ஆயில் பழுப்பு, கருகல் வாடை இல்லை, ஆனால் அளவு குறைவு. ஆக்சில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) ஓரம் ஈரமாக இருக்கிறது. பழைய கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் செத்துவிடும் என்கிறார்களே?

மெக்கானிக்_மாமா:
அளவு குறைந்தால் காலையில் டி பிடிக்கத் தாமதமாகத்தான் செய்யும். சீலை மாற்றுங்கள். மெஷின் வைத்து ஃப்ளஷ் அடிக்க வேண்டாம், பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிதை ஊற்றினால் போதும். கன்வர்ட்டருக்குள் நிற்கும் ஆயில் ஒரே தடவையில் வராது, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை செய்யுங்கள். மேனுவலில் சொன்ன ஆயில்தான், 'எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்' என்று தருவதை வாங்காதீர்கள். கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன்) கழற்றும்போது கூடவே நின்று அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை என்றால் சாதாரணத் தேய்மானம். பளபளவென்று இரும்புத் துண்டு ஒட்டியிருந்தால் அந்த ஒன்றரை லட்சத்தைப் பேசலாம், அதுவும் வேறு ஒர்க்‌ஷாப்பில்.