பனிமூட்டத்தில் தெரியாத பாட்டு வரி: வின்ஆம்ப் பட்டியல் நிறம் மாற்றியவர்கள் சொல்லுங்க

கோத்தகிரி மைக்செட்:
ஹட்டி (படுகர் ஊர்) கல்யாணப் பந்தல்ல பகல்ல மூட்டம் இறங்கினா சுத்திலும் வெள்ளை வெளிச்சம். கம்ப்யூட்டர்ல பாட்டு போடுற வின்ஆம்போட கறுப்புப் பாட்டுப் பட்டியல்ல பாட்டுக்குப் பதிலா நம்ம முகம்தான் தெரியுது. ஓடுற வரியும் தேர்ந்தெடுத்த வரியும் தனித்தனியா தெரியணும். பகலுக்கும் ராத்திரிக்கும் என்ன நிறம் வைக்கலாம்?

குன்னூர்க்காரன்:
அண்ணே, கிளாசிக் ஸ்கின்னா (வின்ஆம்போட பழைய வகைத் தோற்றம்) சுலபம். டபிள்யூஎஸ்இசட்னு முடியிற ஸ்கின் கோப்பு வெறும் ஜிப்தான், அதாவது சுருக்கின கோப்பு. நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப்னு மாத்தி, ஸ்கின்ஸ் ஃபோல்டருக்குள்ளயே தனி ஃபோல்டரா பிரிச்சிடுங்க. திரும்பச் சுருக்க வேண்டாம், அப்படியே படிச்சுக்கும். உள்ளே 'பிஎல்எடிட்'னு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதே பேர்ல பிட்மேப் படமும் இருக்கும், அது பட்டியல் ஜன்னலோட ஓரச் சட்டத்துக்கு. டெக்ஸ்ட்ல நார்மல் (சாதாரண வரியோட எழுத்து), கரண்ட் (ஓடுற வரியோட எழுத்து), நார்மல்பிஜி (பின்னணி), செலக்டட்பிஜி (தேர்ந்தெடுத்த வரியோட பின்னணி), ஃபாண்ட் (எழுத்துரு)னு வரிகள். ஒவ்வொரு நிறமும் # போட்டு ஆறு இலக்கம்: முதல் ரெண்டு சிவப்பு, அடுத்து பச்சை, கடைசி நீலம்.

அந்த டெக்ஸ்ட் கோப்பே இல்லாத ஸ்கின்னா நீங்களே எழுதலாம். நோட்பேட் பின்னால இன்னொரு 'டெக்ஸ்ட்' பின்னொட்டு ஒட்டிடும், பேரைப் பாத்து சேமிங்க. சேமிச்சதும் வின்ஆம்ப்ல எஃப்5 அழுத்தினா ஸ்கின் மறுபடி ஏறும்.

ஊட்டி ஒலி:
எல்லாரும் தடுமாறுறது செலக்டட்பிஜியில. தேர்ந்தெடுத்த வரிக்குன்னு எழுத்து நிறம் கிடையாது. பின்னணி மட்டும் மாறும், எழுத்து நார்மல் அல்லது கரண்ட் நிறத்துலயே நிக்கும். அதனால அந்தப் பின்னணி ரெண்டுக்குமே ஒத்து வரணும். பகலுக்கு: பின்னணி வெள்ளை, நார்மல் #000000, கரண்ட் #990000, செலக்டட்பிஜி வெளிர் சாம்பல். வெள்ளைப் பின்னணியில எதிரொளி அவ்வளவா தெரியாது. ராத்திரிக்கு: பின்னணி #000000, நார்மல் #999999, செலக்டட்பிஜி #333333, கரண்ட் மட்டும் மஞ்சள். நார்மலுக்குத் தூய வெள்ளை வச்சா இருட்டுல கண்ணு கூசும், ஓடுற வரியும் தனியா நிக்காது.

சிவப்பு, பச்சை வித்தியாசத்தை மட்டும் நம்பாதீங்க, அது பிரிஞ்சு தெரியாதவங்க உண்டு. வெளிச்ச அளவு வேறுபடணும். பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஃபோல்டர் வச்சுக்கிட்டா ஆல்ட்+எஸ் தட்டி மாத்திக்கலாம். மாடர்ன் ஸ்கின்னுக்கு (புது வகை) இதெல்லாம் செல்லாது, அதுல கலர் தீம்தான்.

கூடலூர்:
ஃபூபார்2000-னு இன்னொரு பாட்டு மென்பொருள் இருக்கு, அதுல கோப்பைத் தொடவே வேண்டாம். கன்ட்ரோல்+பி, டிஸ்பிளே, டிஃபால்ட் யூசர் இன்டர்ஃபேஸ், கலர்ஸ் அண்ட் ஃபாண்ட்ஸ். 2.0-லிருந்து டார்க் மோடும் இருக்கு. தமிழ்ப் பேர் வச்ச பாட்டுன்னா எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டுங்க, சுழிகள் ஒட்டிக்கும். வின்ஆம்ப்ல பட்டியலை எம்3யு8 வகைக் கோப்பா சேமிங்க. பழைய எம்3யுல தமிழ் எழுத்து கேள்விக்குறியா மாறிடும்.