உதவி தேவை: பன்முக நுண்ணறிவுப்படி குழு பிரித்தேன், பாதிப் பேருக்குப் பின்னக் கூட்டல் வரவில்லை

ஆறாம் வகுப்பு டீச்சர்:

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 32 பிள்ளைகள். பி.எட். படித்த காலத்திலிருந்தே, நுண்ணறிவு ஒன்றல்ல, பல வகை என்று சொல்லும் அமெரிக்க உளவியலாளர் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை வகுப்பில் செய்து பார்க்க ஆசை. இந்தப் பருவத்தில் இறங்கிவிட்டேன்.

இணையத்தில் கிடைத்த ஒரு வினாநிரல் மென்பொருளில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்தேன். இசை, இடம்சார், உடல் இயக்கம், தருக்கம் என்று ஆளுக்கொரு வகை காட்டியது. அதன்படி நான்கு குழு. இசைக் குழு 'மேலே தொகுதி, கீழே பகுதி' என்று பாட்டுக் கட்டி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தது. இடம்சார் குழு பெயிண்டில் வட்டம் வரைந்து வண்ணம் அடித்தது. தருக்கக் குழுவுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள். உடல் இயக்கக் குழுவுக்கு மைதானத்தில் கயிறு விளையாட்டு.

இரண்டு வாரம் வகுப்பு கலகலவென்று இருந்தது. அப்புறம் தேர்வு வைத்தேன். 1/2 + 1/3 என்ற கணக்குக்குப் பாதிப் பேர் 2/5 என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டை வரி பிசகாமல் பாடிய குழுவில்தான் தவறு அதிகம். அதைவிட மனதைக் குடைவது வேறு. ஒரு பெண் பிள்ளை, "நான் பாட்டு குரூப் டீச்சர், எனக்குக் கணக்கு வராதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்கிறாள். போன மாதம் வரை அவள் அப்படிப் பேசியதே இல்லை.

மென்பொருளை மாற்றவா, குழுவை மாற்றவா? லேபில் எட்டுக் கணினிதான் ஓடுகிறது, எல்லாம் விண்டோஸ் 7. நெட் வந்து வந்து போகும். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்க்ராட்ச் மென்பொருளின் புதுப் பதிப்பு ஏறவே இல்லை.

கணக்கு வாத்தியார்:

டீச்சர், முதலில் அந்த வகைப் பட்டியலை எடுத்துவிடுங்கள், நாளைக்கே. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் கேட்டது உனக்கு என்ன பிடிக்கும் என்பதை மட்டும்தான், உனக்கு என்ன வரும் என்பதை அது சோதிக்கவே இல்லை என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். வினாநிரல் விருப்பத்தைத்தான் பதிவு செய்கிறது.

கார்ட்னர் 1983-இல் ஏழு நுண்ணறிவுகளைச் சொன்னார், பிறகு இயற்கைசார் நுண்ணறிவைச் சேர்த்தார். எல்லாருக்கும் இவை எல்லாமே உண்டு, அளவுதான் மாறும் என்பது அவர் கருத்து. இவன் இசைப் பிள்ளை, இவள் கணக்குப் பிள்ளை என்று பிரிக்கச் சொல்லவில்லை. 'கற்றல் பாணி' (ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு வழியில்தான் நன்றாகக் கற்கும் என்பது) வேறு, தன் கோட்பாடு வேறு என்று அவரே எழுதியிருக்கிறார். பிள்ளையின் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். கோட்பாட்டுக்கே உளவியலில் எதிர்ப்பு உண்டு. ஒரே கருத்துக்குப் பல வாசல் திறக்கலாம் என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்குப் போதும். ஆனால் எல்லா வாசலிலும் எல்லாப் பிள்ளைகளும் நுழைய வேண்டும்.

உங்கள் பாட்டில் பெயர்கள் இருக்கின்றன, பின்னம் இல்லை. அதுதான் 2/5-க்குக் காரணம் என்று நினைக்கிறேன். இசையைத் தாளமாகக் கொண்டுவந்து பாருங்கள். ஆறு எண்ணிக்கை எடுங்கள், ஓர் எழுத்துக்கு ஒரு தட்டு. 'தகிட தகிட' என்றால் இரண்டு சம பாகம், ஆக ஒரு தகிட 1/2. அதே ஆறை 'தக தக தக' என்று சொன்னால் மூன்று சம பாகம், ஒரு தக 1/3. இப்போது ஒரு தகவையும் ஒரு தகிடவையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'தக தகிட', ஐந்து எண்ணிக்கை. ஆறில் ஐந்து. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு என்று பிள்ளை கையால் தட்டியே கண்டுபிடிக்கும். உடனே அதையே காகிதப் பட்டையில் ஆறு கட்டமாக மடித்து, எண்ணாகவும் எழுத வேண்டும். 2/5 பாதியைவிடக் குறைவு, பாதியோடு இன்னும் சேர்த்த பிறகு எப்படிக் குறையும் என்றும் கேளுங்கள்.

லேப் பொறுப்பாளர்:

மேடம், ஸ்க்ராட்ச் 3 கணினியில் ஏற விண்டோஸ் 10 வேண்டும். உங்களிடம் இருப்பதற்குப் பழைய பதிப்பான ஸ்க்ராட்ச் 1.4 போதும். ஆனால் இந்தப் பாடத்துக்கு ஸ்க்ராட்ச் தேவையில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகங்களில், அதாவது திரையில் தொட்டு மாற்றிப் பார்க்கும் பாடச் செயலிகளில், பின்னத்துக்கென்றே சில இருக்கின்றன. நெட் வரும்போது தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பழைய கணினி என்பதால் முந்தின நாளே எட்டிலும் திறந்து பாருங்கள். ஒரு கணினிக்கு நான்கு பேர். மவுஸ் பிடிப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும், இல்லாவிட்டால் ஒரே பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

சார், மேடம் இருவருக்கும் நன்றி. பட்டியலை எடுத்துவிட்டேன். தாளத்தை மொத்த வகுப்பும் தட்டியது. அந்தப் பிள்ளைதான் முதலில், "அஞ்சு டீச்சர், ஆறுல அஞ்சு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபெட் ஆறு கணினியில் திறந்தது. ஆனால் 2/3 + 1/4-க்குப் பன்னிரண்டு எண்ணிக்கை போனதும் தட்டுவது குழம்பிவிட்டது.

கணக்கு வாத்தியார்:

பன்னிரண்டைத் தட்டவே வேண்டாம் டீச்சர். தாளம் ஆறு, எட்டு வரை போதும். பன்னிரண்டுக்குப் பட்டை மடிப்புதான் சரி. 2/3-க்கு 8 கட்டம், 1/4-க்கு 3 கட்டம். வேறு வேறு வண்ணம் அடித்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள். 11/12 வந்ததும், மிச்சமிருக்கும் ஒரு கட்டம் எவ்வளவு என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.