டிப்ஸ்டிக்கில் ஏறிய ஆயில்

குழு: எங்கள் வீட்டார்

[சனி, காலை 7:10] கதிர்: அனைவருக்கும் வணக்கம். செல்வம் மாமாவிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்பு வாங்கிய பழைய காரின் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி), என்ஜின் குளிர்ந்திருந்த இன்று காலை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் குறியைவிட ஒரு நெல் நீளத்துக்கு மேலே நிற்கிறது. வாங்கிய அன்று சரியாக மேல் குறியில்தான் நின்றது. இடையில் யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஆயில் குறைந்தால்தானே கவலைப்பட வேண்டும்? கூடினால் நல்லதுதானே, மாமா?

[காலை 7:24] செல்வம் மாமா: குறைவதைவிடக் கூடுவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தும், கதிர். ஆயில் தானாகப் பெருகாது. வேறு ஏதோ அதில் கலந்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைக் குழுவில் எழுத வேண்டாம். கையேட்டைப் பார்த்து என்ஜினின் விவரங்களை மட்டும் எழுது. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளி ஆயிலை வெள்ளைத் தாளில் விட்டு, அரை மணி நேரம் கழித்து எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல். முகர்ந்தும் பார்.

[காலை 8:05] கதிர்: 3 சிலிண்டர், 1.0 லிட்டர், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உண்டு. 5500 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்று) 110 பிஎஸ் திறன்; 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரை 170 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் என்ஜினுக்கு வெளியே இல்லாமல் ஆயிலில் நனைந்தபடியே சுழலும் என்று எழுதியிருக்கிறது. தாளில் நடுவே கருப்புப் பொட்டும், அதைச் சுற்றி அகலமான வெளிர்மஞ்சள் வளையமும் தெரிகின்றன. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது.

[காலை 8:11] சித்தப்பா: ஒரு லிட்டர் என்ஜினிலிருந்து 110 பிஎஸ் கறப்பது பேராசை என்று வாங்கும்போதே சொன்னேன். டர்போ இல்லாத என் பழைய நான்கு சிலிண்டர் என்ஜின் இன்றுவரை ஒரு நாளும் தகராறு செய்ததில்லை.

[காலை 8:32] செல்வம் மாமா: பேராசை என்று சொல்ல மாட்டேன், தம்பி. டர்போ இல்லாத ஒரு லிட்டர் என்ஜின் ஏறத்தாழ 90 முதல் 100 நியூட்டன் மீட்டர் தரும். 170 வேண்டுமென்றால் 1.7 லிட்டர் என்ஜின் இழுக்கும் காற்றை இந்தச் சின்னச் சிலிண்டர்களுக்குள் திணித்தாக வேண்டும். அதைத்தான் டர்போ செய்கிறது. விளம்பரத்தில் 110 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். ஓட்டுபவர் நாள்தோறும் உணர்வது 1500இலேயே முழு டார்க் கிடைப்பதைத்தான். அந்த 1500இல் வெளிவரும் திறன் 36 பிஎஸ் அளவுதான் என்றாலும், பிஸ்டன் தலைமேல் விழும் அழுத்தம் பெரியது. டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தொடக்கூடியது. அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆகவே இந்த வகை என்ஜினில் எந்தப் பழுதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு ஆயிலுக்கே வந்து சேரும்.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருந்தால் ஆயில் மோர்போல வெளுத்திருக்கும். உன் தாளில் அது இல்லை. கலந்திருப்பது பெட்ரோல்தான். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறாய்?

[காலை 8:36] கதிர்: அலுவலகம் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போக 3, வர 3, அவ்வளவுதான், மாமா.

[காலை 8:58] செல்வம் மாமா: நோயின் வேர் அதுதான். குளிர்ந்த என்ஜின் ஓடத் தொடங்கும்போது கணினி பெட்ரோலைக் கூடுதலாகவே பீய்ச்சும். நேரடிப் பீய்ச்சல் என்பதால் அதில் ஒரு பங்கு ஆவியாகாமல் சிலிண்டரின் சுவரை நனைத்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கிவிடுகிறது. நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறி, மறுபடி என்ஜினுக்குள்ளேயே எரிந்துவிடும். உன் 3 கிலோமீட்டரில் கூலன்ட் முள்ளே பாதி ஏறியிருக்காது. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும்.

சாதாரண என்ஜினாக இருந்தால் ஆயில் நீர்த்துப்போயிற்று, மாற்றிவிடு என்று சொல்லி முடித்திருப்பேன். உன்னுடையதில் பெல்ட் ஆயிலுக்குள் கிடக்கிறது. பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறும் ரப்பர் உப்பும், ஓரம் வெடிக்கும், தூள்தூளாகவும் நூல்நூலாகவும் உதிரும். உதிர்ந்தவை ஆயில் தொட்டிக்குள் விழுந்து பம்பு உறிஞ்சும் சல்லடையில் படிந்துவிடும். சல்லடை அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது டர்போவின் பேரிங்.

[காலை 9:06] மலர் அக்கா: ஆயிலில் ரப்பரைப் போடலாம் என்று யாருக்குத் தோன்றியது?

[காலை 9:20] செல்வம் மாமா: உராய்வும் சத்தமும் குறையும் என்பதற்காகச் செய்தார்கள், மலர், எண்ணம் தவறானது அல்ல. 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த என்ஜின் விருதைப் பெற்ற ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டில் நனைந்த பெல்ட்தான் இருந்தது. பின்னாளில் வந்த வடிவங்களில் டைமிங் செயினுக்கு மாறினார்கள். பியூஜோ, சிட்ரோயன் கார்களில் வரும் 1.2 லிட்டர் பியூர்டெக்கிலும் இதே ஏற்பாடு இருந்தது. அதில் பெல்ட் உப்பியிருக்கிறதா என்று பார்க்க, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே வைத்து அகலத்தை அளக்க ஒரு தனி அளவி உண்டு. பெல்ட்டின் தூள் பிரேக்குக்கான வெற்றிடப் பம்பு வரை போய், பிரேக் மிதி கல்லாக இறுகும் ஆபத்தும் இருந்தது. 2024இல் அவற்றின் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் ஐரோப்பாவில் அந்த என்ஜினுக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது.

[காலை 9:23] சித்தப்பா: அப்படியானால் செயின் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

[காலை 9:31] செல்வம் மாமா: செயினும் சாகாவரம் பெற்று வரவில்லை. ஃபோக்ஸ்வாகனின் முந்தைய 1.2, 1.4 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ என்ஜின்களில் செயின் நீண்டுபோய், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று சத்தம் கேட்கும். அவற்றுக்குப் பின் வந்த தலைமுறையில் அவர்கள் ஆயில் படாத உலர்ந்த பெல்ட்டுக்குத் திரும்பினார்கள். அழுக்கேறிய ஆயில் செயினையும் தேய்க்கும்.

[காலை 9:40] மலர் அக்கா: டர்போ வண்டியை ஓட்டி வந்ததும் ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

[காலை 9:44] செல்வம் மாமா: நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சட்டென்று நிறுத்தினால் மட்டும் தேவை. கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே அந்த வேலை முடிந்துவிடும். இக்காலத்து டர்போக்கள் பலவற்றில், என்ஜினை அணைத்த பிறகும் கூலன்ட்டைச் சுற்றவிடும் சிறு மின்பம்பு உண்டு.

[காலை 9:52] கதிர்: மாமா, இன்னொன்றும் கேட்க வேண்டும். மேட்டில் 5ஆம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால்கூட இழுக்கிறது. அதனால் கியரைக் குறைப்பதே இல்லை. அது சரிதானா?

[காலை 10:15] செல்வம் மாமா: அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடு. 1300, 1400 ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி, பிளக் பொறி விடுவதற்கு முன்பே தீப்பற்றிக்கொள்ளும்; ஒரு முறை பலமாக நடந்தாலே பிஸ்டன் உடையலாம். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் வகைத் துப்புரவுப் பொருள் இதைத் தூண்டுவதாகத் தெரியவந்ததால் அதைக் குறைத்து மக்னீசியம் வகையைக் கூட்டினார்கள். அதற்கான சோதனையில் தேறிய ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி என்று தரம் வகுத்தார்கள். டப்பாவில் எஸ்பி என்று இருப்பதோடு, உன் கையேட்டில் உள்ள நிறுவனத்தின் தர எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நனைந்த பெல்ட்டின் ரப்பருக்கு ஒத்துப்போகும் ஆயில் எது என்பதை அந்த எண்தான் சொல்லும். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்றால் வாங்காதே.

மற்றவை இதற்குப் பிறகுதான். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் கழுத்தில் கரி படியும், ஏனென்றால் அதைக் கழுவப் பெட்ரோல் அந்த வழியாக வருவதில்லை. இன்டர்கூலர் குழாய் கிழிந்தால் புஸ்ஸென்ற சத்தத்தோடு பிக்கப் விழும். அவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்; இன்று வண்டியை எடுக்காதே. ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்.

[மாலை 5:48] கதிர்: மாமா, மெக்கானிக் வடித்து அளந்தார். ஃபில்டரோடு சேர்த்து 4 லிட்டர் என்று கையேட்டில் இருக்கிறது, வந்தது 4.4. சல்லடையில் மூன்றில் ஒரு பங்கை வெற்றிலைக் காம்பின் நார்போன்ற கருப்பு இழைகள் மூடியிருந்தன. விரலால் தேய்த்தால் ஆயில் கரிபோல மையாக ஒட்டவில்லை, ரப்பராகவே நசுங்குகிறது. மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது பெல்ட்டின் முதுகில் குறுக்காக மெல்லிய வெடிப்புகளும் தெரிந்தன. ஆயில் அழுத்த விளக்கு இதுவரை ஒரு முறைகூட எரிந்ததில்லை.

[மாலை 5:55] செல்வம் மாமா: எரிவதற்கு முன்பே பார்த்துவிட்டாய். டைமிங் பெல்ட்டை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றச் சொல். ஆயில் பம்புக்கும் தனிப் பெல்ட் இருந்தால் அதையும் விடக் கூடாது. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கட்டும். பழைய தூள் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் என்பதால், புது ஆயிலையும் ஃபில்டரையும் 1000 கிலோமீட்டரிலேயே மறுபடி மாற்றிவிடு. அதன் பிறகு, கையேட்டில் 15,000 என்று இருந்தாலும் உன் ஓட்டத்துக்கு 7,500 அல்லது ஆறு மாதம்தான் கணக்கு.

[மாலை 6:02] சித்தப்பா: அலுவலகத்துக்கு என் சைக்கிளை எடுத்துக்கொள், கதிர். மூன்று கிலோமீட்டர்தானே.

[மாலை 6:04] கதிர்: எடுத்துக்கொள்கிறேன், சித்தப்பா. வண்டி வியாழக்கிழமைதான் கிடைக்கும். மாமா, பழைய பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு உங்களிடம் கொண்டுவருகிறேன்.

[மாலை 6:05] செல்வம் மாமா: சல்லடையில் இருந்ததையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டு வா.