பெருவிரல் புடைப்புக்குச் சிறுதுளை அறுவை: ஸ்க்ரூ போட ஜிக் வேண்டுமா, கை போதுமா?

நேர்கோடு:
ஹாலக்ஸ் வால்கஸுக்கு, அதாவது பெருவிரல் புடைப்புக்கு, சிறுதுளை அறுவை செய்கிறவர்களிடம் கேட்கிறேன். ஸ்க்ரூவுக்கு முன் வழிபோடும் மெல்லிய கம்பியான கைடு ஒயரைக் குறி தவறாமல் செலுத்தும் சட்டம், அதாவது ஜிக், இல்லாமல் புதியவர்களை இதில் இறக்கவே கூடாது என்பது என் கட்சி. முதல் ஸ்க்ரூதான் சிக்கல். மெட்டாடார்சலின் (பெருவிரலுக்குப் பின்னாலுள்ள பாத எலும்பின்) அடிப்பக்கம் உள்புறமாக நுழைந்து, எலும்பின் வெளிப்புறச் சுவரைத் துளைத்து வெளியே வந்து, வெட்டி நகர்த்தி வைத்த தலைக்குள் (அந்த எலும்பின் விரல் பக்க முனைக்குள்) மறுபடி நுழையவேண்டும். ஒயர் சாய்வாகப் போவதால் சுவரைத் துளைக்காமல் அதை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஓடும். திரும்பத் திரும்பக் குத்தினால் துளை அகன்று ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் போய்விடும், ஒவ்வொரு தடவையும் சி-ஆர்ம் எக்ஸ்ரே படம் வேறு.

கைப்பழக்கம்:
வழுக்குவதை ஜிக் எப்படி சார் தடுக்கும்? அது ஒயரைப் பிடித்திருப்பது தோலுக்கு வெளியே. உள்ளே சுவரில் பட்டதும் மெல்லிய ஒயர் வளையத்தான் செய்யும். கோணத்தைக் கொஞ்சம் செங்குத்தாக்கி, அவசரப்படாமல் சுழலவிட்டால் சுவரைக் கவ்விக்கொள்ளும், அந்த உணர்வு கைக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் வெட்டு. எலும்பை வெட்டும் சுழல்முனை ஷேனன் பர் 2 மி.மீ. தடிமன் என்றால் அந்த அளவு எலும்பு வெட்டிலேயே போய்விடுகிறது, வெட்டு குதிகால் பக்கம் சாய்ந்தால் இன்னும் குட்டையாகும், அப்புறம் பாரமெல்லாம் இரண்டாவது மெட்டாடார்சல் தலையில். ஒயர் ஜிக் இதில் என்ன செய்யும்?

நேர்கோடு:
வெட்டு தனிப் பாடம், அதற்கு ஒயர் ஜிக்கைக் குறை சொல்வது நியாயமில்லை. மஜ்ஜைக் குழிக்குள் போகும் நெம்புகோலோடு வரும் ஜிக்கைப் பாருங்கள். நகர்த்திய தலையை அதுவே பிடித்துக்கொள்ளும். கையால் செய்யும்போது உதவியாளர் விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் தலை பழைய இடத்துக்கே நழுவும், ஒயர் அதற்குள் பாதி வழி போயிருக்கும்.

தியேட்டர்_அக்கா:
நான் கருவி எடுத்துக் கொடுப்பவள். உலோகக் கை உள்ள ஜிக் என்றால் படத்தில் தலையையே மறைத்துவிடும், அதை விலக்கிப் பார்க்கப் போய் பூட்டு தளர்ந்து கோணமும் மாறிவிடும். எக்ஸ்ரே ஊடுருவும் கை உள்ளதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள் டாக்டர்.

கைப்பழக்கம்:
அக்கா சொன்னது முக்கியம். இன்னொன்று, விரல் உள்பக்கம் முறுக்கிக்கொண்டிருப்பதை ஜிக் அறியாது, அதைக் கையால் திருப்பிய பிறகுதான் ஒயர். எலும்பின் தலை மேலே தூக்கிக்கொண்டிருப்பதும் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. ஜிக் காட்டிய கோடு நடுவில் இருக்கிறதே என்று பக்கவாட்டுப் படம் எடுக்காமல் ஸ்க்ரூவை இறக்குகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

நேர்கோடு:
பக்கவாட்டுப் படம் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. ஆனால் கையில் அந்த உணர்வு வரும்வரை யார் காலில் பழகுவது? நீங்கள் சொல்லும் கைப்பழக்கத்தைக் கேடவர் (பயிற்சிக்கான சடலம்) காலில் சொல்லிக் கொடுங்கள், நோயாளி மேஜைக்கு வரும்போது ஜிக்கும் இருக்கட்டும்.

கைப்பழக்கம்:
கேடவர் பயிற்சிக்குச் சரி. அங்கே முதலில் ஜிக் இல்லாமல், பிறகு ஜிக்கோடு. வரிசை மாறினால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.