துறைமுக ரிப்போர்ட்ல எண்ணெய்க் கசிவு ரிஸ்க் "குறைவு"ன்னு போட்டிருக்கு, இதை எப்படி படிக்கிறது?

முகத்துவாரம்_வீடு:
வணக்கம். எங்க வீடு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கம். ஒரு துறைமுக விரிவாக்கத்துக்கான ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு, அதுல எண்ணெய்க் கசிவுக்கு ஒரே ஒரு அட்டவணை. நடக்க வாய்ப்பு 1, பாதிப்பு 4, பெருக்கினா 4, பச்சை கலர், அவ்ளோதான். 2017 ஜனவரி 28 விடிகாலைல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதினப்ப எர்ணாவூர் கரையில பக்கெட்ல அள்ளினவங்கள்ல நானும் ஒருத்தன். முழங்கை வரைக்கும் அப்பினது தேங்காய் எண்ணெய் போட்டு தேச்சும் ரெண்டு நாள் போகல. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வயிறு எரியுது. கருத்துக்கேட்பு கூட்டத்துல என்ன கேக்கலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_மரைன்:
தம்பி, நான் ஒரு துறைமுகத்துல மரைன் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். பெருக்குற முறை தப்பில்ல, எல்லாத்தையும் ஒரே வரியில போட்டு பெருக்குறதுதான் தப்பு. டேங்கர்ல இருந்து இறக்குறப்ப ஹோஸ்ல சிந்துறது அடிக்கடி நடக்கும், அளவு கம்மி. மோதல், தரைதட்டல் அபூர்வம், ஆனா நடந்தா நூத்துக்கணக்கான டன் போகலாம். ரெண்டுக்கும் தனித்தனி வரி எங்கேன்னு கேளு. எந்த எண்ணெய்ங்கறதும் கேளு, ஏன்னா டீசல்னா சில நாள்ல பெரும்பகுதி ஆவியாயிடும், ஃபர்னஸ் ஆயில் (கப்பல் இன்ஜின்ல எரிக்கிற கெட்டி எண்ணெய்) எங்கயும் போகாது, தண்ணியை இழுத்துக்கிட்டு மூணு நாலு மடங்கு ஊதி கூழ் மாதிரி ஆயிடும், நீங்க பக்கெட்ல அள்ளினது அதுதான். டேங்கர் வந்தாதான் ஆபத்துன்னும் நினைக்காதே, 2025 மே 25 கொச்சிக்கு வெளிய மூழ்கின எம்எஸ்சி எல்சா 3 கண்டெய்னர் கப்பல்தான், அதோட சொந்த டேங்க்லயே 367 டன் ஃபர்னஸ் ஆயில் இருந்துச்சு.

அப்புறம் பூம். இத்தனை மீட்டர் மிதவைத் தடுப்பு இருக்குன்னு எழுதியிருப்பாங்க. குடோன்ல சுருட்டி வெச்ச பூம் எதையும் தடுக்காது. நீரோட்டம் நேரா வந்து மோதினா முக்கால் நாட் (மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்ல) வேகத்துலயே எண்ணெய் அடியில பூந்து போயிடும், முகத்துவாரத்துல வத்தம், அதாவது தண்ணி கடலுக்கு வடியுறது, இழுக்குறப்ப அதைவிட வேகம் இருக்கும். அதனால சாய்வா கட்டி ஒரு ஓரமா ஒதுக்கித்தான் உறிஞ்சணும். கரையில கட்டுற இடம் முன்னாடியே போட்டு வெச்சிருக்கா, ராத்திரி 3 மணிக்கு போட் ஓட்ட ஆள் யாரு, எத்தனை நிமிஷம் ஆகும், கடைசியா எப்ப தண்ணியில இறக்கிப் பார்த்தீங்க? எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டப்படி 700 டன் வரைக்கும் துறைமுகமே சமாளிக்கணும், அதனால இதைக் கேக்க உனக்கு உரிமை இருக்கு.

கட்டுமரம்_காசி:
அண்ணன் சொன்னதோட ஒன்னு சேத்துக்கோ. எண்ணெய் எந்தப் பக்கம் போகும்னு ஒரு படம் போட்டிருப்பாங்க, அது எந்த மாசத்துக்குன்னு பாரு. நீரோட்டம் எப்படிப் போகுதோ எண்ணெயும் அப்படியே போகும், அதுமேல காத்து வேகத்துல நூத்துக்கு மூணு பங்கு சேரும்னு கணக்கு. 2017ல வன்னி, அதாவது வடக்கே இருந்து தெக்கே ஓடுற நீரோட்டம், அதனால எர்ணாவூர் தாண்டி மெரினா பக்கம் வரைக்கும் வந்துச்சு. தெண்டி, அதாவது தெக்கே இருந்து வடக்கே போற நீரோட்டம், ஓடியிருந்தா பழவேற்காட்டுப் பக்கம் ஏறியிருக்கும். ஒரு மாசத்துக்கு மட்டும் படம் போட்டா பாதிக் கடல் கணக்குல இல்ல. கல்லு கொட்டின கரையையும் பாரு, சந்துல பூந்த எண்ணெய் வெயில் ஏற ஏற உருகி வெளிய வந்துக்கிட்டே இருக்கும்.

அலையாத்தி:
கடல்ல இருந்துதான் வரும்னு ரிப்போர்ட் நினைக்கிறதே எனக்கு பெரிய கவலை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலையாத்துக்கு எண்ணெய் வந்துச்சே, அதுல கப்பலே கிடையாது. கரையோரத் தொட்டி, பைப்லைன், மழை வெள்ளம் இதுக்கெல்லாம் ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இன்னொன்னு, முதல்ல எந்த இடத்தைக் காப்பாத்தணும்னு வரிசை போட்ட வரைபடம் வேணும், அதுல முகத்துவாரமும் அலையாத்திக் காடும்தான் முதல்ல வரணும். மணல் கரையை சுரண்டி எடுத்துடலாம், அலையாத்தி மரத்தோட சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மூச்சு வேர்ல அப்பினா மரம் மூச்சு முட்டி செத்துடும், சுத்தம் பண்றேன்னு நூறு பேர் இறங்கி மிதிச்சா எண்ணெய் இன்னும் ஆழமா சேத்துக்குள்ள போயிடும். வாயில பறியை (மீன் போடுற கூடை) கடிச்சுக்கிட்டு கையால எறா தடவிப் பிடிக்கிறவங்க நாள் முழுக்க அந்த சேத்துலதான் இருக்காங்க.

முகத்துவாரம்_வீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். மறுபடி நடந்தா, கரையில இருக்கிற நாங்க முதல் நாளே என்ன பண்ணணும்?

பழைய_மரைன்:
கடலோரக் காவல்படைக்கு 1554 அடி, நேரமும் இடமும் சொல்லு. வெறுங்கையால தொடாதே. ஒரு கண்ணாடி ஜார்ல கொஞ்சம் எண்ணெய் எடுத்து, வாய்ல அலுமினியம் ஃபாயில் வெச்சு மூடி, தேதி, நேரம், இடம் எழுதி ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோட ஃபிரிட்ஜ்ல வை, எந்த டேங்க்ல இருந்து வந்ததுன்னு லேப்ல ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். பிளாஸ்டிக் பாட்டில் வேணாம். தார் ஒட்டின வலையைக் கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடு, மீன் வித்த சீட்டு எல்லாத்தையும் இன்னைக்கே ஒரு கவர்ல போட ஆரம்பி, நஷ்டஈடு கேக்குறப்ப போன வருஷம் எவ்ளோ வந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க.