நம்பிக்கை தரும் நாவல்கள்: சரித்திரம், காதல், மர்மம். பிரசங்கம் இல்லாமல் கிடைக்குமா?

பாளையங்கோட்டைக்காரி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். தில்லியில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் உடனே தூக்கம் வராது. புத்தகம் படிப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறக்கிற ஒரு பீரோ இருக்கிறது. உள்ளே முழுக்க ஆங்கில நாவல்கள். கடைகளில் ‘இன்ஸ்பிரேஷனல் ஃபிக்‌ஷன்’ என்று தனித் தட்டில் அடுக்கியிருப்பார்களே, அந்த வகை. ஊரை விட்டுப் போகும்போது யாரோ கொடுத்துவிட்டுப் போனது. பாதி அட்டைகளில் துணித்தொப்பி கட்டிய ஒரு பெண் கோதுமை வயலில் நின்றுகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அட்டையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. ஒன்று விடிய விடிய படிக்க வைத்தது. இன்னொன்றில் கதாநாயகனும் நாயகியும் வாயைத் திறந்தாலே வேத வசனம் அதிகார எண்ணோடு வருகிறது. பிரசங்கம் கேட்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நாவலில் எனக்குக் கதை வேண்டும், விசுவாசம் அதற்குள் இருந்தால் போதும்.

எனக்குச் சரித்திரம் பிடிக்கும். கூட இருக்கிற தங்கைக்குக் காதல் கதைதான் வேண்டும். வீட்டுக்காரர் யாராவது காணாமல் போனால்தான் இரண்டாவது பக்கத்தைத் திருப்புவார். மூன்று வகையிலும் எதில் தொடங்கலாம்? வாங்கும் முன்பே ஒரு புத்தகம் உபதேசம் பண்ணுமா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? ஊரில் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ படித்து வளர்ந்தவர்கள். தமிழில் அவர்களுக்கு என்ன வாங்கித் தரலாம்?

முனிர்கா மொட்டைமாடி:

அக்கா, வீட்டுக்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஃபிராங்க் பெரெட்டி 1986இல் எழுதிய ‘திஸ் பிரசன்ட் டார்க்னஸ்’. அமெரிக்காவில் ஆஷ்டன் என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு போதகர், ஒரு பத்திரிகை ஆசிரியர். ஊரை யாரோ ஓசைப்படாமல் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் தேவதூதர்களுக்கும் பிசாசுகளுக்கும் சண்டை நடக்கிறது. ஆங்கிலம் ஓடும், அகராதி தேவைப்படாது.

மர்மக் கதையில் உபதேசத்துக்கு நேரமே இருக்காது, கொலைகாரன் வாசலில் நிற்கிறானே. அதனால் மூன்று பேரும் அதிலேயே தொடங்குங்கள் என்பது என் கட்சி.

ஞாயிறு சந்தை:

தங்கச்சி, நான் சபைக்குப் போகிறவன் இல்லை, கோவிலுக்கும் விசேஷ நாளில் மட்டும்தான். மத்திய அரசு வேலையில் இருந்து ரிடையர் ஆகி துவாரகாவில் இருக்கிறேன். இந்த வகைப் புத்தகங்கள் என்னிடம் சேர்ந்தது தரியாகஞ்ச் நடைபாதைப் புண்ணியத்தில். அங்கே கிலோ கணக்கில் நிறுத்துத் தருவார்கள். எடை கூட்ட எதையாவது அள்ளிப் போடுவேன், அப்படித்தான் துணித்தொப்பிப் பெண்கள் என் வீட்டுக்கும் வந்தார்கள். படித்துப் பார்த்தேன், விடவில்லை.

மொட்டைமாடித் தம்பி சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்பிக்கையைப் பேசுகிற கதையில் மர்மம்தான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். கடைசி நிமிடத்தில் வானத்திலிருந்து ஒரு கை வந்து தூக்கிவிடும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் யாருக்குப் பயம் வரும்? பெரெட்டி அதற்கு ஒரு வழி பண்ணியிருக்கிறார். அவருடைய தேவதூதர்களுக்குத் தானாகப் பலம் கிடையாது. கீழே மனிதர்கள் ஜெபித்தால்தான் வாளைத் தூக்க முடியும். அந்த ஒரு விதிதான் புத்தகத்தைக் காப்பாற்றுகிறது. மற்றபடி அதில் கெட்டவர்கள் ரொம்பக் கெட்டவர்கள், எனக்கு அது கொஞ்சம் சலிப்பு.

நீங்கள் கேட்ட கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். நான் பார்ப்பது ஒன்றுதான்: நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார், பாத்திரமா, வாசகனா? மோசமான புத்தகத்தில் நாம்தான் கொடுக்கிறோம், பொறுமையாக. நல்ல புத்தகத்தில் கதைக்குள் இருக்கிறவர்கள் கொடுக்கிறார்கள். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம். முக்கால் பங்கு தாண்டி எங்கேயாவது திறந்து, யாராவது ஜெபிக்கிற பக்கத்தைத் தேடுங்கள். அடுத்த பத்தியிலேயே கேட்டது கிடைத்துவிட்டால் மூடி வைத்துவிடுங்கள். பல பக்கம் போயும் பதில் வராமல், அந்த ஆள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால் வாங்கலாம்.

சரித்திரம் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் பீரோவுக்கு வெளியே, பழசில் தொடங்குங்கள். 1880இல் வந்த ‘பென்-ஹர்’. எழுதிய லூ வாலஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதி, பிறகு நியூ மெக்சிகோவின் ஆளுநர். சினிமாவைப் பார்த்தவர்களுக்குத் தேர்ப் பந்தயம்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அதைவிட வேறு ஒரு இடம். எருசலேமில் ரோமானிய ஆளுநர் ஊர்வலம் போகும்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் கதாநாயகன் யூதா சாய்கிறான், ஒரு ஓடு பெயர்ந்து அவர்மேல் விழுகிறது. அந்த ஒரு ஓட்டுக்காக அவன் கப்பலில் துடுப்பு வலிக்கப் போகிறான், தாயும் தங்கையும் பாதாளச் சிறைக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்குத் தொழுநோய் பிடிக்கிறது. வருடங்கள் கழித்து விடுதலையாகி, ராத்திரியில் பழைய வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். படியில் ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். மகன்தான். எழுப்பினால் கட்டிப்பிடிப்பான், நோய் ஒட்டும். தாய் தவழ்ந்து போய், தெருப்புழுதி படிந்த அவன் செருப்பின் அடிப்பாகத்தில் உதட்டை வைத்துவிட்டு, எழுப்பாமல் திரும்பிவிடுகிறாள். அந்தப் பக்கத்தில் வேத வசனம் எதுவும் இல்லை. நடுவில் வர்ணனை நீளும், அங்கங்கே தாண்டிப் போங்கள், பாவமில்லை.

அதற்கு அப்புறம் ‘குவோ வாடிஸ்’, 1896. ஹென்றிக் சியன்கியேவிச் போலந்துக்காரர், 1905இல் நோபல் வாங்கியவர். அவர் இதை எழுதியபோது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை, மூன்று சாம்ராஜ்யங்கள் பங்கு போட்டிருந்தன. நீரோ காலத்து ரோம், கி.பி. 64இல் நகரம் எரிகிறது. வினிசியஸ் என்கிற ரோமானிய வீரனுக்கு லிஜியா என்கிற கிறிஸ்தவப் பெண்மேல் ஆசை, முதலில் அடக்கி ஆளுகிற ஆசை. அது காதலாக மாறுவதற்குள் அவன் படாத பாடு படுகிறான். கடைசியில் வருகிற காளைச் சண்டையை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள், பேச்சு மூச்சு இருக்காது. உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம் என்றால் இதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவன் கடைசிவரை மனந்திரும்பாத பெட்ரோனியஸ். அவனுக்கு நல்ல பேச்செல்லாம் கொடுத்து, கேலி செய்ய விட்டு, கடைசிவரை கண்ணியமாக வைத்திருக்கிறார் ஆசிரியர். நம்பாதவனை முட்டாளாகக் காட்டாமல் எழுதத் துணிந்தவர் என்றால் அவர் நம்பிக்கைமேல் எனக்கு மரியாதை வந்துவிடுகிறது.

தங்கைக்கு: ஜேனட் ஓக் என்கிற கனடாக்காரர் 1979இல் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’. துணித்தொப்பி வகைக்கெல்லாம் பாட்டி. மார்ட்டிக்குப் புருஷன் செத்துப் போகிறான், வயிற்றில் பிள்ளை, குளிர்காலம் வருகிறது. மனைவியை இழந்த கிளார்க் கேட்கிறான்: என் குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும், பெயருக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்வோம், வசந்தத்தில் பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போக வண்டிக் கூலி நான் தருகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் காதல் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்ட்டிக்குச் சமையல் வராது. தெரிந்தது பான்கேக் ஒன்றுதான், அதையே திரும்பத் திரும்பச் சுட்டு வைக்கிறாள், குழந்தை முகத்தைத் திருப்புகிறது. கிளார்க் முணுமுணுக்காமல் சாப்பிடுகிறான். அவன் பக்தி எனக்கு அந்த மேஜையில்தான் தெரிந்தது.

ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ நிச்சயம் உங்கள் பீரோவில் இருக்கும், எல்லாரும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டிய 1850ஆம் வருடக் கதை, வேதத்தில் ஓசியா தீர்க்கதரிசி, துரோகம் செய்கிற கோமேரை மணந்த கதையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார். கதாநாயகி சின்ன வயதிலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்ட பெண். தெரிந்துகொண்டு எடுங்கள், அசதியாக இருக்கிற நாளில் வேண்டாம். மைக்கேல் என்கிற அந்தக் கணவனின் பொறுமை எனக்கு நம்பும்படி இல்லை. அவள் திரும்பத் திரும்ப ஓடிப்போவதுதான் நம்பும்படி இருக்கிறது.

மயூர் விகார் மாமி:

ஞாயிறு சந்தை சார் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு ஒரு ஆட்சேபணை. உபதேசம் என்றால் ஏன் எல்லாரும் இப்படி ஓடுகிறீர்கள்? நம்முடைய முதல் நாவலே உபதேசம்தானே! மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. அவர் கிறிஸ்தவர், கதை நடப்பது இந்துக் குடும்பத்தில். ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு ராஜ்யத்துக்கே ராஜாவாகிவிடுகிறாள். நடுநடுவே நீதி, வழக்கு, கிளைக்கதை, சிரிப்பு என்று எல்லாவற்றையும் கொட்டுவார். நல்ல ஒழுக்கத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று மறைக்கவும் மாட்டார். ஒளித்து வைத்த உபதேசம்தான் உறுத்தும், வாசலிலேயே சொல்லிவிட்டு வருகிற உபதேசத்தை நான் ஆசையாகவே படிப்பேன். பாளையங்கோட்டை அம்மாவுக்கு இதுவே என் முதல் சிபாரிசு. பழைய நடை, ஆனால் அந்தத் தலைமுறைக்குப் பைபிள் தமிழ் பழக்கம், இது அவர்களுக்கு லேசாகவே இருக்கும்.

‘மோட்சப் பிரயாணம்’ பிடித்தவர் என்றால் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வீட்டிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஜான் பனியனின் அதே கதையைத் தழுவி 1894இல் காவியமாகவே வந்தது. உங்கள் நெல்லைச் சீமைக்காரர், வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். முழுசாக உட்கார்ந்து படிக்க வேண்டாம், நடுவே தேவாரப் பாணியில் வருகிற பாட்டுகளை மட்டும் வாய்விட்டுப் படித்தால் போதும்.

கிறிஸ்தவக் கதையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. பூரணியும் அரவிந்தனும். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தார்கள், எங்கள் குடும்பத்திலேயே ஒரு அரவிந்தன் உண்டு. இலட்சியம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தில்லியில் இருக்கிற உங்களுக்குக் கல்கியின் ‘அலை ஓசை’யும் சொல்வேன். சீதா கல்யாணமாகித் தில்லிக்குத்தான் வருகிறாள், பிரிவினைக் கலவரம்வரை போகும். சாந்தி தருகிற முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு அப்புறம் காசு செலவழியுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:

மாமி, அண்ணாச்சி, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று பீரோவில் அண்ணாச்சி சொன்ன மாதிரி முக்கால் பங்கில் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஜெபம் முடிந்த மறு வரியிலேயே தொலைபேசி அடித்து நல்ல செய்தி வந்தது! சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் போதகரின் மனைவி ஐயரம்மா நின்றுகொண்டிருந்தார்கள். ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ இருந்தது, தங்கை எடுத்துக்கொண்டுவிட்டாள். அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன், இரட்சணிய யாத்திரிகம் தாத்தா பெட்டியில் இருந்ததாம், கரையான் தின்றுவிட்டதாம். பிரதாப முதலியார் வாங்கி அனுப்பப் போகிறேன். மாமி சொன்ன உபதேச விஷயத்தில் எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் அம்மா உங்கள் கட்சியாகத்தான் இருப்பார்கள்.

‘குவோ வாடிஸ்’ மட்டும் எங்கள் பீரோவில் இல்லை. அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் நடைபாதைக் கடைகள் இன்னும் இருக்கின்றனவா? எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு, தேவதூதர் இல்லாமல் வேறு மர்மம் இருந்தாலும் சொல்லுங்கள்.

ஞாயிறு சந்தை:

நடைபாதையிலிருந்து 2019இல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட் மைதானத்துக்குள் ஞாயிறுதோறும் நடக்கிறது. மெட்ரோ வயலட் லைனில் தில்லி கேட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் தரையில் குனிந்து தேட முடியாது. குவோ வாடிஸில் சுருக்கப் பதிப்புகளும் உண்டு. புத்தகம் ஒல்லியாக இருந்தால் அதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள், பெட்ரோனியஸை அதில் வெட்டியிருப்பார்கள்.

வீட்டுக்காரருக்கு டீ ஹெண்டர்சனின் ‘தி நெகோஷியேட்டர்’. பிணைக்கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்துகிற போலீஸ்காரி கேட் ஓமாலி. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர் தாங்களாகவே ஒரு குடும்பம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள், அவர்களில் இவள் ஒருத்தி. காதலும் உண்டு, அதனால் தங்கைக்கும் கை மாறும். நிறைய பாகங்கள், அதிலிருந்தே வரிசையாகப் போங்கள்.

மாமிக்கு: பிரதாப முதலியாரில் ஞானாம்பாள் ராஜாவாகிற இடத்தை நானும் இரண்டு முறைக்கு மேல் படித்திருக்கிறேன். அங்கே மட்டும் உங்கள் கட்சி.